முதுகுக்கு வந்த சுமை

தமிழில் சுமையை உடம்பில் எங்கே வைக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தலைக்குச் சும்மாடு, தோளுக்குக் காவடி, இடுப்புக்குக் குடமும் கைப்பிள்ளையும், கக்கத்துக்குக் குடை, மடிக்குச் சுருக்குப்பை. முதுகுக்கு என்ன என்று யோசித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது உப்புமூட்டை விளையாட்டுதான். "உப்பு வேணுமா உப்பு" என்று பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவோமே, அது. கோடவுனிலும் துறைமுகத்திலும் அரிசி மூட்டையை முதுகில் ஏற்றியவர்கள் உண்டு. ஆனால் அது லாரியிலிருந்து கிடங்கு வரைக்கும், குனிந்தபடி சுமக்கும் சுமை. வெகுதூரம் நடக்கிற தமிழன் தலையிலோ தோளிலோதான் சுமந்திருக்கிறான்.

இன்றைக்கு பிரிக்பீல்ட்ஸில் காலை ஏழரைக்கு கேஎல் சென்ட்ரல் படிகளில் இறங்கி வருகிறவர்களைப் பார்த்தால், பத்தில் ஏழெட்டுப் பேர் முதுகில் பை இருக்கிறது. வங்கி அதிகாரி, பாதுகாவலர், கல்லூரி மாணவி, தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, சாப்பாடு கொண்டு போகும் மோட்டார்சைக்கிள் பையன், எல்லாருக்கும் ஒரே வடிவம். இது எப்போது நடந்தது? யார் வழியாக நம் முதுகுக்கு வந்தது? இளைய நண்பர்கள் சிலர் "அண்ணே, ஆபீசுக்கும் ஆகணும், ஊர் சுத்தவும் ஆகணும், ஒரே பேக்கா எது வாங்கலாம்?" என்று கேட்பதுண்டு. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

தகரப்பெட்டியும் காகிதமும்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே சுமையிலிருந்து வந்தது. 1881இல் ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அத்தாப்பும் பலகையும் கொண்டு கட்டிய ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்ட வேண்டும் என்று முடிவானபோது, செங்கல் சூளைகள் இருந்த இடம் இது. பிறகு ரயில் வந்தது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போகும் பாதை திறந்ததும் இந்தப் பகுதி ரயில்வேக்காரர்களின் குடியிருப்பாக மாறியது. தண்டவாளம் போட்டவர்களும் பெட்டிகளை இணைத்தவர்களும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிகள். 1915 வாக்கில் கட்டப்பட்ட 'ஹன்ட்ரட் குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகள் அந்தக் காலத்தைச் சேர்ந்தவை.

இவர்கள் எதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்? பெரும்பாலானவர்கள் ஒரு தகரப்பெட்டி, ஒரு துணிமூட்டை, ஒரு பாய். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் அல்லது போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்குவார்கள். 1901இல் திறந்த அந்தத் துறைமுகத்தைத்தான் இன்று கிள்ளான் துறைமுகம் என்கிறோம். 1926இல் கட்டிய 'ரஜூலா' கப்பல் எழுபதுகளின் தொடக்கம் வரை இந்த வழியில் ஓடியது. எங்கள் வீடுகளில் அதைக் கப்பல் என்றே சொல்ல மாட்டார்கள், "ரஜூலாவுல வந்தோம்" என்பார்கள், ஒரு ஆளின் பெயரைச் சொல்வது போல. மேல்தளத்துப் பயணிகளுக்கு அறை கிடையாது. பாயை விரித்து, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்தால் அதுதான் அவர்கள் வீடு. பெட்டி சுவராகவும் தலையணையாகவும் நாற்காலியாகவும் இருந்தது.

தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. தலையில் வைக்கலாம், அல்லது இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கலாம். அது வந்து சேர்வதற்கான சாமான். வந்து சேர்ந்த இடத்தில் லயத்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் பிறகு அசையாது. எங்கள் பாட்டியின் பெட்டி அப்படித்தான் இருந்தது. உள்ளே ஒரு கூறைப்புடவை, இரண்டு வெள்ளித் தண்டை, அடியில் ஒரு பிஸ்கட் டின். அந்த டின்னுக்குள் காகிதங்கள்.

அந்தக் காகிதங்களின் எடை நூறு கிராம்கூட இருக்காது. ஆனால் குடும்பத்தில் யார் எங்கே வாழலாம் என்பதை அதுதான் தீர்மானித்தது. 1957இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல், அல்லது எப்படி விண்ணப்பிப்பது என்று தெரியாமல், தோட்டங்களில் பலர் இருந்துவிட்டார்கள். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக அமலானபோது ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். நீல அடையாள அட்டை இருந்தவர் இங்கே, சிவப்பு அட்டைக்காரர் பெர்மிட்டை நம்பி, ஒன்றும் இல்லாதவர் கப்பலில். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பார்த்தே இராத ஊருக்குப் போனார்கள். இப்போதும் பை வாங்கும்போது முதுகோடு ஒட்டிய ரகசியப் பாக்கெட் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பாஸ்போர்ட்டும் ஐசியும் அங்கே போகும். இந்தப் பழக்கம் எனக்குப் பயணக் குறிப்புகளைப் படித்து வந்ததல்ல.

காண்டாவும் கூடையும்

தோட்டத்தில் சுமைக்கு வேறு கருவிகள். ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, முந்நூறு நானூறு மரங்கள் சீவி, வெயில் ஏறியதும் திரும்ப நடந்து ஒவ்வொரு மங்கிலிருந்தும் பாலை வாளியில் ஊற்றிச் சேர்ப்பார்கள். இரண்டு வாளியும் நிறைந்தால் காண்டா கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, தோளில் வைத்து, ஸ்டோருக்கு நடக்க வேண்டும். மலாயில் கம்பில் தொங்கவிட்டுச் சுமப்பதைக் 'கண்டார்' என்பார்கள், அதுதான் தோட்டத் தமிழில் 'காண்டா' ஆனது. பினாங்கில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இதே கம்பில் ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் குழம்பையும் தொங்கவிட்டு விற்றார்கள். நாசி கண்டார் என்று இன்று ஏசி போட்ட கடைகளில் சாப்பிடும் உணவின் பெயரில், சோற்றுக்குப் பக்கத்தில் இருப்பது அந்தக் கம்புதான்.

பாட்டி சொல்வார்: "ரெண்டு வாளியும் ஒரே அளவா இருக்கணும் சாமி. ஒன்னு கொறஞ்சாலும் இடுப்பு புடிச்சுக்கும். பால் பத்தலைன்னா தண்ணி ஊத்துவாங்கன்னு கிராணி சந்தேகப்படுவான். நாங்க ஊத்துனது எடைக்கு இல்ல, இடுப்புக்கு." கடைசி வாக்கியம் உண்மையா, சமாளிப்பா என்று நான் கேட்டதில்லை. ஆனால் சமநிலையைப் பற்றி அவர் சொன்னது சரி. கம்பு வளைந்து கொடுக்கும். நடையின் தாளத்துக்கு அது மேலும் கீழும் ஆடும்போது ஒவ்வொரு அடியிலும் தோளில் விழும் அதிர்ச்சி கொஞ்சம் குறைகிறது. அனுபவம் உள்ளவர்கள் கம்பின் ஆட்டத்துக்குத் தங்கள் நடையைப் பொருத்திக்கொள்வார்கள், அந்தக் குறுநடையைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடுவார்கள். முருகனுக்கு எடுக்கும் காவடியும் வடிவத்தில் இதே கருவிதான். இடும்பன் இரண்டு மலைகளை ஒரு தண்டில் கட்டித் தூக்கிய கதையில், இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும் சுமையை அறிந்த ஒரு சமூகம் பேசுகிறது.

தேயிலைத் தோட்டம் வேறு. இலங்கை மலையகத்திலும் நீலகிரியிலும் கேமரன் மலையிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், இரண்டு கையாலும் பறித்தால்தான் எடை ஏறும். அதனால் கூடை முதுகுக்குப் போனது. கூடையின் கயிறு தலையின் உச்சியைச் சுற்றி வரும். சுமை முதுகில், இழுப்பு கழுத்தில். தென்னிந்தியச் சமவெளியிலிருந்து போன பெண்களுக்கு இது புதிய பாடம். மலைவாழ் மக்கள் உலகெங்கும் இப்படிச் சுமந்திருக்கிறார்கள், ஆனால் நம் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது மலை அல்ல, தோட்டத்தின் எடைக்கணக்கு. கையை விடுவிப்பது என்பது இங்கே ஓய்வுக்கான வசதி அல்ல. கூடுதலாகப் பறிக்க வைப்பதற்கான ஏற்பாடு. இன்றைய அலுவலகப் பையைப் பற்றி யோசிக்கும்போதும் இதை நான் மறப்பதில்லை. கை இரண்டும் காலியாக இருப்பதால்தானே ரயிலில் நின்றுகொண்டே மேலாளரின் குறுஞ்செய்திக்குப் பதில் தட்டுகிறோம்?

செட்டியார்கள் கதை இதற்கு நேர் எதிர். அம்பாங் தெருவின் கிட்டங்கிகளில் பணமும் பத்திரமும் இருந்தது சாய்ப்பெட்டியில், அதாவது சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதும் மரப்பெட்டியில். அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகும் சிறுவனுக்குப் 'பெட்டியடிப் பையன்' என்று பெயர். அங்கிருந்து அடுத்தாள், மேலாள் என்று ஏற வேண்டும். பணம் வைத்திருந்தவன் சுமக்கவில்லை, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

பட்டாளத்துப் பை

முதுகுப்பையை ஆண் பெண் இருபாலருக்கும் மலாயாத் தமிழர்களிடம் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர் என்று நினைக்கிறேன். 1943இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை உருவானபோது அதில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி, பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன், பதினெட்டு வயதில் அதில் சேர்ந்து பொறுப்புக்கு உயர்ந்தார். கால்சட்டை, துப்பாக்கி, முதுகில் பை, நீண்ட நடைப்பயிற்சி. அதுவரை குடத்தையும் வாளியையும் பிள்ளையையும் சுமந்த பெண்கள் முதல்முறையாகத் தங்களுடைய சாமானை மட்டும் சுமந்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் நடந்து, பகலில் மறைந்து, பாங்காக் நோக்கி வந்தார்கள். அந்த நடையில் பையில் என்ன இருக்க வேண்டும், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்பது ஒவ்வொரு இரவும் எழுந்த கேள்வியாக இருந்திருக்கும்.

அதே ஆண்டுகளில் இன்னொரு பக்கம், தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிப் போனார்கள். அவர்கள் மண்ணையும் கல்லையும் சுமந்தார்கள். தன் பையைத் தானே கட்டிக்கொண்ட சுமைக்கும் பிறர் ஏற்றிவிட்ட சுமைக்கும் உள்ள தூரத்தை ஒரே தலைமுறை ஒரே காலத்தில் பார்த்தது.

போருக்குப் பிறகு எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்க ராணுவ எழுத்தாளர் 1950இல் சிப்பாயின் சுமை பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார். பயந்தவன் சீக்கிரம் களைப்பான், களைத்தவன் சீக்கிரம் பயப்படுவான், ஆகவே சண்டைக்குப் போகிறவன் முதுகில் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அதிகாரிகள் ஒவ்வொருவரும் "இது ஒன்றுதானே, இதையும் வைத்துக்கொள்" என்று சேர்ப்பதால்தான் பை கனக்கிறது என்றார். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களும் இதைப் படிக்கலாம்.

மலையிலிருந்து கல்லூரிக்கு

முதுகுப்பை மிகப் பழையது. 1991இல் ஆல்ப்ஸ் மலையில் உறைபனிக்குள் கண்டெடுக்கப்பட்ட, 5000 ஆண்டுகளுக்கு முந்தைய 'ஓட்ஸி' மனிதனின் உடலருகே வளைத்த மரக்கிளையும் இரண்டு பலகைகளும் கிடைத்தன. அது முதுகுப்பையின் சட்டம் என்பது பலருடைய கணிப்பு. நவீன வடிவத்தின் கதை அமெரிக்காவில். அலாஸ்காவில் பழங்குடியினரின் பையை இரவல் வாங்கி முதுகு நொந்த லாய்ட் நெல்சன் என்பவர், அதைத் திருத்தி மரச்சட்டப் பை ஒன்று செய்து 1924இல் காப்புரிமை பெற்றார். 1952இல் கலிபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினியச் சட்டத்தோடு பை செய்து விற்கத் தொடங்கினார். சட்டத்தை அவர் வளைப்பார், துணியை அவருடைய மனைவி நீனா தைப்பார். சுமையைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்கும் இடுப்புப்பட்டையைப் பரவலாக்கியது அவர்கள்தான். 1967இல் சியாட்டிலில் ஜான்ஸ்போர்ட் நிறுவனம் பிறந்தது. அது மலையேறிகளுக்குச் செய்த சிறிய நைலான் பை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கடை வழியாக மாணவர்களிடம் போனது. மழை ஊர், புத்தகம் நனையக் கூடாது. அதுவரை அமெரிக்க மாணவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலத்தான், புத்தகங்களைப் பட்டையில் கட்டியோ நெஞ்சோடு அணைத்தோ கொண்டு போனார்கள்.

ஜப்பானின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் சுமக்கும் தோல்பைக்கு 'ராண்டொசெரு' என்று பெயர். டச்சு மொழியில் சிப்பாய்ப் பையைக் குறிக்கும் 'ரான்செல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. இந்தோனேசியர்கள் அதே சொல்லை 'ரான்செல்' என்று இன்றும் சொல்கிறார்கள். பெருங்குடும்பத்துப் பிள்ளைகள் படித்த கக்குஷுயின் பள்ளி 1885இல் ஒரு விதி கொண்டுவந்தது: யாரும் வண்டியில் வரக்கூடாது, வேலைக்காரன் பையைத் தூக்கி வரக்கூடாது, அவரவர் சாமானை அவரவரே சுமக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துப் பட்டத்து இளவரசருக்குப் பிரதமர் இத்தோ ஹிரோபுமி ஒரு தோல்பை பரிசளித்தார். முதுகுப்பை அங்கே சமத்துவத்தின் சீருடையாக நுழைந்தது.

நமக்கோ பை என்றாலே யார் என்று சொல்லிவிடும் அடையாளம். மஞ்சப்பை என்றால் பட்டிக்காட்டான் என்று சினிமா பல வருடம் சிரித்தது. பிறகு பிளாஸ்டிக் கழுத்தை நெரித்தபோது தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கமே தொடங்கியது. ஜோல்னா பை என்றால் கவிஞன், சிற்றிதழ், பாக்கி வைத்த டீக்கடை. அந்தப் பையின் உடற்கூறைப் பற்றி யாரும் எழுதியதில்லை. ஒரே தோளில் தொங்கி, இடுப்பில் இடித்து, நாலு புத்தகத்துக்கு மேல் போனால் ஆளையே சாய்த்துவிடும். நம் மூத்த எழுத்தாளர்களின் பழைய படங்களில் ஒரு தோள் இறங்கியிருப்பதைக் கவனித்துப் பாருங்கள்.

சரி, எந்தப் பை?

இப்போது நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். ஒரே பை எல்லாவற்றுக்கும் ஆகுமா? அலுவலகத்துக்கும் அன்றாடத்துக்கும் ஒன்று ஆகும். ஒரு வாரப் பயணத்துக்கும் அதுவே என்றால் இரண்டில் ஒன்றில் கஷ்டப்படுவீர்கள்.

பையை எடை போடாதீர்கள், முதலில் சாமானை எடை போடுங்கள். மடிக்கணினி ஒன்றரை கிலோ, அதன் சார்ஜர், ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ, குடை, சாப்பாட்டு டப்பா, ஒரு நாவல். கூட்டினால் சாதாரணமாக நாலு கிலோ தாண்டும். இதற்கு 18 முதல் 25 லிட்டர் பை போதும். 30 லிட்டர் வாங்கினால் இடம் இருக்கிறதே என்று நிரப்புவோம், பையின் குணம் அது.

பயணத்துக்கு 35 முதல் 40 லிட்டர். மலிவு விமானத்தில் போகிறவர்களுக்குத் தெரியும்: ஏர்ஏசியாவில் கையோடு கொண்டு போக 7 கிலோதான், பெரிய பையின் அளவு 56, 36, 23 சென்டிமீட்டருக்குள். வெறும் பையே 2 கிலோ இருந்தால் மீதி ஐந்துதான் உங்களுக்கு. சக்கரமும் அலுமினியக் கைப்பிடியும் வைத்த பைகள் இந்தக் கணக்கில் தோற்றுவிடும்.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் மடிக்கணினியையும் தண்ணீர்ப் புட்டியையும் உள்ளே வைத்துப் பாருங்கள். பையின் அடி இடுப்பெலும்புக்குக் கீழே தொங்கக் கூடாது. கனமான சாமான் முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்க வேண்டும். வெளிப்பாக்கெட்டில் கனத்தை வைத்தால் அது உங்களைப் பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள், மாலையில் கழுத்து சொல்லும். 8 கிலோவுக்கு மேல் சுமப்பதாக இருந்தால் இடுப்புப்பட்டை அவசியம். அதற்குக் கீழே நெஞ்சுப்பட்டையே போதும்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். பல பைகளின் உட்புறத்தில் தண்ணீர் புகாமல் இருக்க பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். நம் புழுக்கத்தில் நாலைந்து வருடத்தில் அது பிசுபிசுத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். அலமாரியில் பூட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். ஆகவே பூச்சை நம்பி அதிக விலை கொடுப்பதைவிட, நல்ல துணியும் தனியாக ஒரு மழையுறையும் வாங்குவது மேல். மத்தியானம் நாலு மணி மழைக்கு அந்த உறைதான் காப்பாற்றும். தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில் தையல் சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்டது போல இருக்கிறதா என்று பாருங்கள், பை கிழிவது அங்கேதான். ஜிப்பை மூலை வளைவில் நாலைந்து தடவை இழுத்துப் பாருங்கள், சாவது அதுதான் முதலில். தெருவில் நடக்கும்போது ஒற்றைத்தோள் பையைச் சாலைப் பக்கம் தொங்கவிடாதீர்கள். மோட்டார்சைக்கிளில் வந்து பையைப் பறிக்கிறவன் தேடுவது அதைத்தான், பட்டை அறுபடாவிட்டால் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு தோளிலும் மாட்டிய பையைப் பறிப்பது கஷ்டம். ரயிலில் ஏறும்போது முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர் மூக்கும் பிழைக்கும், உங்கள் பர்சும் பிழைக்கும்.

இவ்வளவுதான். விலை, நிறம், பிராண்ட் எல்லாம் உங்கள் விருப்பம்.

தேர்ந்தெடுக்க முடியாதவர்கள்

இந்தத் தெருவில் தன் பையைத் தானே தேர்ந்தெடுக்காதவர்கள் இரண்டு வகை. ஒருவர் சதுரப் பை சுமக்கும் உணவு விநியோகப் பையன். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டுக்குள் போனபோது இந்தப் பைகள்தான் தெருவில் ஓடின. வேலை இழந்த எத்தனையோ தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் அதை மாட்டிக்கொண்டார்கள். காண்டா கம்பில் சோறு விற்றவனுக்குச் சோறு அவனுடையது. இவன் முதுகில் இருக்கும் சோறும் இவனுடையதல்ல, பையில் இருக்கும் பெயரும் இவனுடையதல்ல.

இன்னொருவர் பள்ளிப் பிள்ளை.

1989இல் இந்திய மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ஒரு எழுத்தாளர் பேச எழுந்தார். மால்குடியைப் படைத்த ஆர்.கே. நாராயண். சென்னையில் பிறந்தவர், தமிழ்க் குடும்பம். அவர் பேசியது இலக்கியத்தைப் பற்றி அல்ல, பிள்ளைகளின் புத்தகப் பையைப் பற்றி. இந்தச் சுமையால் பிள்ளைகள் கூன் விழுந்து நடக்கிறார்கள் என்றார். ஒரு நாவலாசிரியருக்கு நாடாளுமன்றத்தில் கிடைத்த வாய்ப்பை இதற்குச் செலவழித்திருக்கிறாரே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கும். அந்தப் பேச்சு எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக 1992இல் விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் குழு அமைந்தது, 1993இல் அறிக்கை வந்தது. பையின் எடையைவிடப் பெரிய சுமை, புரியாமல் படிப்பதன் சுமை என்றது அந்த அறிக்கை. எடைக்கு ஒரு எண் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 2020ஆம் ஆண்டின் இந்தியப் பள்ளிப்பைக் கொள்கை, பை பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது.

மலேசியாவில் இது ஒவ்வொரு ஆண்டுத் தொடக்கத்திலும் நாளிதழ்களில் வந்து போகும் பேச்சு. 2022இல் கல்வி அமைச்சு ஏழு நடவடிக்கைகளை அறிவித்தது. அவற்றில் பள்ளியிலேயே புத்தகம் வைத்துவிட்டு வர லாக்கரும் ஒன்று. பாடநூலைவிடப் பயிற்சி நூல்கள்தான் பையை நிரப்புகின்றன என்பது தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் எல்லாருக்கும் தெரியும். "எல்லாத்தையும் வச்சிரு, டீச்சர் கேட்டா என்ன பண்றது" என்று நாமே சேர்த்து வைப்பதும் தெரியும். மார்ஷல் சொன்ன அதிகாரிகள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டு கல் தூண், மேலே ஒரு பலகைக்கல். ஆள் தோளுயரம். தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதில் சரித்து இறக்கலாம், இளைப்பாறிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டார்கள். அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, வழியில் போகிற யாரோ ஒருவர் தன் சுமையை இறக்கிவைக்கட்டும் என்று. உயரத்தை அளந்து, கல்லை நிறுத்தி, பெயர் தெரியாத ஆளின் கழுத்து வலியைப் பற்றி யோசித்த ஒரு சமூகம் அதைச் செய்தது. பள்ளி லாக்கர் அப்படி ஒரு கல்தான். ஆனால் லாக்கர் வந்த பள்ளியிலும் பிள்ளை எல்லாவற்றையும் வீட்டுக்குத் தூக்கி வந்தால் கல் இருந்தும் பயனில்லை.

ஆகவே உங்கள் புதுப் பையைத் தேர்ந்தெடுத்து முடித்ததும், வீட்டில் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளை இருந்தால், தங்கையோ அண்ணன் மகளோ, அந்தப் பையையும் ஒருமுறை தராசில் வையுங்கள். பிள்ளை 22 கிலோ என்றால் பை 2 கிலோ 200 கிராமுக்குள் இருக்க வேண்டும். மீதியை நாளைய கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டே வெளியே எடுத்து வைக்கலாம். பத்து நிமிஷ வேலை.